லென்ஸ் வரைபடத்தில் டாலரன்ஸ் எழுதுவது எப்படி

புதிய லென்ஸ் வரைபடம் மேசைக்கு வந்தால் நான் முதலில் டாலரன்ஸ் கட்டத்தைத்தான் படிப்பேன்; ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்று எழுதும் இடம் அது. கண்ணாடி எது, வளைவு ஆரம் எவ்வளவு என்பதையெல்லாம் கணினி முடிவு செய்திருக்கும். வரைந்தவர் யார் என்பது டாலரன்ஸ் கட்டத்தில்தான் தெரியும். எல்லாத் தடிமனுக்கும் ±0.01 மி.மீ., எல்லாப் பரப்புக்கும் கீறல்-குழி 10-5 என்ற மிகக் கண்டிப்பான தரம், எல்லா ஆரத்துக்கும் ஒரே சதவீதம் என்று எழுதியிருந்தால், அவர் கணக்குப் போடவில்லை, பயந்திருக்கிறார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. பட்டறை மறுக்காது, விலையைச் சொல்லும், நாளைச் சொல்லும், அவ்வளவுதான். அத்தனை இறுக்கத்திலும் உண்மையில் இறுக்க வேண்டிய ஒரு எண் கட்டத்தில் இல்லாமலே போயிருப்பதும் உண்டு.

நான் வடிவமைப்பு மேசையில் இருப்பவள். பாலிஷ் அறையும் அளவீட்டு அறையும் அதே கட்டடத்தில் இருப்பதால், நான் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் சீக்கிரமே காதில் விழுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். கோள வடிவ லென்ஸ்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்; கோளம் அல்லாத அஸ்ஃபியர்களுக்குத் தனியாக எழுத வேண்டும்.

பேச்சுக்கு ஒரு எடுத்துக்காட்டு இருக்கட்டும்: மூன்று லென்ஸ் அமைப்பு, 1893இல் டென்னிஸ் டெய்லர் காப்புரிமை பெற்ற குக் டிரிப்லெட் வகை. இரண்டு குவிலென்ஸ்களுக்கு நடுவே ஒரு குழிலென்ஸ். குவியத் தூரம் 100 மி.மீ., எஃப்/4 (ஒளித்துளையின் விட்டம் குவியத் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு), கண்ணுக்குத் தெரியும் ஒளி. நடு லென்ஸின் விட்டம் 28 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று லென்ஸ்களுக்குள் டாலரன்ஸ் சம்பந்தப்பட்ட தலைவலிகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

முதலில் பட்ஜெட்

டாலரன்ஸ் மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: செய்து முடித்த லென்ஸ் எவ்வளவு கெட்டிருந்தால் ஏற்றுக்கொள்வீர்கள்? “முடிந்தவரை நன்றாக” என்பது பதில் அல்ல. அதை ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை அளக்கவும் முடிய வேண்டும்.

விளிம்புவிளைவு (டிஃப்ராக்ஷன்) எல்லைக்கு அருகில் வேலை செய்யும் அமைப்பு என்றால் அலைமுகப்பின் ஆர்.எம்.எஸ். பிழை, அதாவது பிழைகளின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம், வசதியான எண். அது அலைநீளத்தில் 14இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.07 அலை என்றால் ஸ்ட்ரெல் விகிதம், அதாவது குறையற்ற லென்ஸோடு ஒப்பிட்ட படப்புள்ளியின் உச்சப் பிரகாசம், 0.8 கிடைக்கும். சாதாரண கேமரா லென்ஸ் என்றால் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் எம்.டி.எஃப். (நெருக்கமான கோடுகளின் கறுப்பு-வெள்ளை வேறுபாடு படத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவு) எவ்வளவு என்று பேசுவது பொருத்தம். வழி ஒன்றுதான், இங்கே ஆர்.எம்.எஸ்.ஸை எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கு 0.07 அலை. வடிவமைப்பே, எந்தப் பிழையும் இல்லாமல், 0.03 அலை எடுத்துக்கொள்கிறது. மீதி எவ்வளவு? 0.04 அல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகள் வர்க்கமாகக் கூடுகின்றன, எனவே 0.0049இலிருந்து 0.0009ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.063 அலை கையில் இருக்கிறது. இதில் லென்ஸ் தயாரிப்புக்கு 0.05, உறையில் பூட்டுவதற்கு 0.035, வெப்பநிலை மாற்றத்துக்கு 0.015 என்று பங்கு பிரிக்கிறேன். வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். இது தோராயம்தான், வடிவமைப்பின் எச்சப் பிழையும் தயாரிப்புப் பிழையும் ஒரே வடிவத்தில் இருந்தால் நேராகவே கூடும், அல்லது ஒன்றையொன்று அழிக்கும். ஆனாலும் முதல் நாள் பேச்சுவார்த்தைக்கு இது போதும். இயந்திர வடிவமைப்பாளரிடம் “உங்கள் பங்கு 0.035” என்று சொல்ல முடிகிறதே, அதுவே பெரிய ஆதாயம்.

எது பெரிது என்று பாருங்கள்

வர்க்கக் கூட்டலின் குணத்தை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் பிறகு ஒரே மாதிரி டாலரன்ஸ் எழுத மாட்டார்கள். பத்துப் பிழைகள் இருக்கின்றன. ஒன்றின் பங்கு 5, மற்ற ஒன்பதும் தலா 1. மொத்தம், 25உடன் 9ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க, 5.8. இப்போது அந்த ஒன்பதையும் பாதியாக இறுக்குங்கள்: 5.2. ஒன்பது இடங்களில் செலவு செய்து பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. அதற்குப் பதிலாகப் பெரிய ஒன்றை மட்டும் பாதியாக்கினால் 3.9. வேலை முடிந்தது.

ஆகவே மென்பொருளில் முதலில் ஓட்ட வேண்டியது உணர்திறன் பட்டியல். ஒவ்வொரு அளவையும் தனித்தனியே அசைத்து, எவ்வளவு கெடுகிறது என்று பார்த்து, பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குங்கள். டிரிப்லெட்டில் இந்தப் பட்டியலின் தலையில் என்ன வரும் என்று ஓட்டாமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம்: நடு லென்ஸின் மைய விலகல். மூன்றிலும் ஒளிக்கதிர்களைப் பலமாக வளைப்பது அதுதான். முன்னும் பின்னும் இருக்கிற குவிலென்ஸ்களின் பிழையை எதிர்ப்பிழையால் அழிப்பதும் அதுதான். அது அச்சை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலும் அழித்தல் சரியாக நடக்காது. படத்தின் நடுவிலேயே கோமா தெரியும், அதாவது புள்ளிகள் வால்நட்சத்திரம்போல் ஒரு பக்கம் இழுபடும்.

பட்டியல் ஓட்டும்போது குவியத்தைச் சரிசெய்ய அனுமதியுங்கள். எந்த அமைப்பிலும் கடைசியில் உணரியையோ லென்ஸையோ முன்பின் நகர்த்திக் குவியம் பார்க்கத்தான் போகிறோம். அதை மென்பொருளிடம் சொல்லாவிட்டால் ஆரம், தடிமன், ஒளிவிலகல் எண் எல்லாமே பயங்கரமாகத் தெரியும். எஃப்/4இல் குவிய ஆழம் இருபுறமும் அலைநீளத்தின் இருமடங்கை 16ஆல் பெருக்கிய அளவு, அதாவது 0.55 மைக்ரானுக்கு ±18 மைக்ரான்தான். ஆரத்தில் வரும் சிறு பிழையே இதைத் தாண்டிவிடும். குவியத்தைச் சரிசெய்யலாம் என்று சொன்ன மறுநிமிடம் அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை பட்டியலின் அடிக்குப் போய்விடும். சரிசெய்ய எவ்வளவு தூரம் நகர வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்து, அந்த வீச்சு உறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கணினியில் இருக்கிற சரிக்கட்டல் உறையில் இல்லாமல் போன கதைகளை அளவீட்டு அறையில் நிறையக் கேட்கலாம்.

ஆரத்தைச் சதவீதத்தில் எழுதாதீர்கள்

பட்டறை ஆரத்தை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் இது புரியும். பாலிஷ் ஆன பரப்பின் மேல் டெஸ்ட் பிளேட்டை, அதாவது எதிர்வளைவுள்ள மாதிரிக் கண்ணாடியை, வைத்து ஒற்றை நிற விளக்கின் கீழ் பார்ப்பார்கள். இரண்டு பரப்புகளுக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி வட்ட வட்டமான பட்டைகளாகத் தெரியும். ஒரு பட்டை என்றால் அரை அலைநீள வேறுபாடு. விரலால் மெல்ல அழுத்தி இடைவெளியைக் குறைக்கும்போது பட்டைகள் வெளியே விரிந்தால் நடுவில் தொடுகிறது. உள்ளே சுருங்கினால் விளிம்பில் தொடுகிறது. கைச்சூடு பட்டால் பட்டைகள் தாமே ஊர்ந்து இடம் மாறும். பழகியவர்கள் தட்டை வைத்துவிட்டுச் சற்று நேரம் கையை எடுத்துவிட்டுத்தான் எண்ணுவார்கள்.

எனவே உங்கள் டாலரன்ஸ் எத்தனை பட்டை என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பயன்படும் அரைவிட்டத்தின் வர்க்கத்தை ஆர மாற்றத்தால் பெருக்கி, ஆரத்தின் வர்க்கத்தாலும் அலைநீளத்தாலும் வகுத்தால் பட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். 20 மி.மீ. பயன்படும் விட்டம், ஆரம் 50 மி.மீ., டாலரன்ஸ் 0.1 சதவீதம் என்றால் 0.05 மி.மீ.; 546 நானோமீட்டரில் 3.7 பட்டை. நல்ல பட்டறைக்கு இது சாதாரணம். அதே 0.1 சதவீதத்தை 500 மி.மீ. ஆரத்துக்கு எழுதுங்கள்: 0.37 பட்டை. காகிதத்தில் இரண்டும் ஒரே எண். பாலிஷ் போடுகிறவருக்கு இரண்டாவது பத்து மடங்கு கடினம். நீண்ட ஆரங்களுக்குச் சதவீதம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தெரியாமலே பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இன்னொன்று: டெஸ்ட் பிளேட்டின் ஆரமே ஒரு அளவுக்குத்தான் தெரியும். பட்டைகள் சொல்வது பிளேட்டிலிருந்து லென்ஸ் எவ்வளவு விலகியது என்பதை. பிளேட் உண்மையான ஆரத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பது வேறு எண். இரண்டையும் மென்பொருளில் தனித்தனியே போடுங்கள். வடிவமைப்பு முடியும் தறுவாயில் பட்டறையிடம் அவர்களிடம் இருக்கும் டெஸ்ட் பிளேட் பட்டியலை வாங்கி, ஆரங்களை ஒவ்வொன்றாக அதற்குப் பொருத்துங்கள். உணர்திறன் அதிகமான பரப்பிலிருந்து தொடங்கி, ஒன்றைப் பொருத்தியதும் மற்றவற்றை மீண்டும் சீர்செய்ய விடுங்கள். புது பிளேட் செய்யும் செலவும் காலமும் மிஞ்சும். முழு டிரிப்லெட்டையும் இருக்கிற பிளேட்டுகளுக்குப் பொருத்தினாலும் செயல்திறன் பெரும்பாலும் அசையாது.

ஒழுங்கின்மைதான் உண்மையான செலவு

ஆரப் பிழையைக் குவியம் விழுங்கிவிடும். பரப்பின் ஒழுங்கின்மையை எதுவும் விழுங்காது. இரண்டு செங்குத்துத் திசைகளில் பட்டைகளை எண்ணும்போது ஒரு திசையில் 3, மற்றதில் 2.5 என்று வந்தால் ஒழுங்கின்மை 0.5 பட்டை. கண்ணால் பார்க்கிற பட்டறைக்கு எழுதும்போது ஒரு நடைமுறை வரம்பு இருக்கிறது: பத்துப் பட்டை ஆரப் பிழைக்கு நடுவில் கால் பட்டை ஒழுங்கின்மையை யாராலும் காண முடியாது. ஆரத்துக்கு அனுமதிப்பது ஒழுங்கின்மையின் ஐந்து முதல் பத்து மடங்குக்குள் இருக்கட்டும். பட்டைகளைப் படமெடுத்துக் கணினியில் கணக்கிடும் இன்டர்ஃபெரோமீட்டரில் அளக்கிறார்கள் என்றால் ஆரப் பகுதியை மென்பொருள் கழித்துவிடும். அங்கே இந்தக் கவலை குறைவு.

எவ்வளவு அனுமதிக்கலாம்? நம் எடுத்துக்காட்டுக்கே வருவோம். ஒளி ஊடுருவும் பரப்பில் பிழை, ஒளிவிலகல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த அளவால் பெருக்கப்பட்டு அலைமுகப்பில் சேரும். ஒளிவிலகல் எண் 1.6, ஒழுங்கின்மை 0.5 பட்டை அதாவது கால் அலை. அலைமுகப்பில் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 0.15 அலை. வழவழப்பான பரப்புகளில் இதை ஐந்தால் வகுத்தால் ஆர்.எம்.எஸ். கிட்டத்தட்ட வரும்: 0.03. ஆறு பரப்புகளுக்கு, 6இன் வர்க்கமூலத்தால் பெருக்க, 0.073 அலை. தயாரிப்புக்கு நாம் ஒதுக்கியதோ 0.05. ஆகவே 0.5 பட்டை கட்டுப்படியாகாது. 0.25 பட்டை என்றால் 0.037, பொருந்துகிறது, மற்ற தயாரிப்புப் பிழைகளுக்கும் 0.034 மிஞ்சுகிறது.

இங்கேயே நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் 0.25 எழுதினால் மறுபடியும் பழைய கதைதான். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளிக்கற்றை அந்தப் பரப்பில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று பாருங்கள். ஒளித்துளைக்கு அருகில் இருக்கிற நடு லென்ஸைக் கற்றை கிட்டத்தட்ட முழுவதும் நிரப்பும். துளையிலிருந்து தள்ளியிருக்கும் வெளிப்பரப்பில் ஒவ்வொரு கற்றையும் ஒரு பகுதியை மட்டுமே தொடும். பாதி விட்டத்தை மட்டும் தொடும் கற்றைக்கு, மெல்ல மாறும் ஒழுங்கின்மை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் தெரியும். அந்தப் பரப்புகளுக்கு 0.5 தாராளமாக எழுதலாம். கண்ணாடியாடி என்றால் எதிர்த்திசையில் யோசியுங்கள்: நேர்குத்தாக விழும் ஒளிக்குப் பரப்புப் பிழை இருமடங்காகும். 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட லென்ஸ் பரப்பைவிட ஆடிப் பரப்பு நான்கு மடங்கு கண்டிப்பானது. ஒரே அமைப்பில் லென்ஸும் ஆடியும் இருந்தால் ஒரே எண்ணை இரண்டுக்கும் எழுதுவது அபத்தம்.

எந்த அலைநீளத்தில் பட்டை என்பதையும் எழுதுங்கள். 546 நானோமீட்டரில் கால் அலை 137 நானோமீட்டர். ஹீலியம்-நியான் லேசரின் 633இல் அது 158. பேசாமல் விட்டால் பட்டறை தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும். அதில் தவறும் இல்லை.

தடிமன் எப்போதும் மேல் பக்கம்

மையத் தடிமன் பட்டியலில் பெரும்பாலும் கீழேதான் வரும். ±0.1 அல்லது ±0.05 மி.மீ. போதும் என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். ±0.01 எழுதினால் பாலிஷ் போடுகிறவருக்குக் கீறலைச் சரிசெய்ய இடமில்லாமல் போகும். கடைசிக் கட்டத்தில் ஒரு கீறல் விழுந்தால் இன்னும் சில மைக்ரான்களை இறக்கித்தான் அதை எடுக்க முடியும். “மேல் எல்லைக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறேன் மேடம், இன்னொரு தடவை இறக்க இடம் வேண்டாமா?” என்று எங்கள் பாலிஷ் மேஸ்திரி ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு வந்த அளவீட்டுத் தாள்களில் தடிமன்கள் எங்கே குவிகின்றன என்று பார்த்தேன், மேல் பாதியில்தான்.

மான்டி கார்லோ (எல்லா அளவுகளையும் தற்செயலாக அசைத்துப் பல கற்பனை லென்ஸ்களைச் செய்து பார்க்கும் கணக்கு) ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் தன் வழக்கப்படி மையத்தைச் சுற்றிச் சமச்சீரான பரவலைப் போடும். உண்மையில் மூன்று தடிமன்களும் சேர்ந்தே மேல் பக்கம் சாய்ந்திருக்கும். தொடர்பில்லாத பிழைகள் என்ற அடிப்படையே அங்கே ஆடிவிடுகிறது. பரவலை மேல் பக்கம் சாய்த்துப் போடுங்கள். அல்லது பெயரளவுத் தடிமனையே கொஞ்சம் ஏற்றி வடிவமைத்துவிடுங்கள். சில நூறு அமைப்புகளை ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு 90ஆவது சதவீதத்தைப் படியுங்கள். மோசமானவற்றில் நாலைந்தைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே அளவு எல்லையில் நிற்பது பெரும்பாலும் தெரியும்.

விட்டத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்று வரை சிக்கலில்லை. அதைவிட மெல்லியதானால், பாலிஷுக்காக ஒட்டியிருந்த பிசினிலிருந்து கழற்றியதும் லென்ஸ் தளர்ந்து வடிவம் மாறும்; கழற்றுவதற்கு முன் கால் பட்டையாக இருந்தது கழற்றியபின் ஒரு பட்டையாகும். எழுதிய டாலரன்ஸ் நியாயமானதுதான், ஆனால் அந்தக் கண்ணாடியால் அதைத் தாங்க முடியாது.

ஒளிவிலகல் எண்ணுக்குக் கண்ணாடி நிறுவனங்களின் வழக்கமான தரம் ±0.0005. இதை இறுக்குவதற்குப் பதிலாக, வாங்கிய கண்ணாடியின் அளந்த எண்களைக் கொண்ட சான்றிதழைக் கேட்டு வாங்கி, காற்றிடைவெளிகளை மட்டும் மறுபடி சீர்செய்வது மலிவான வழி.

ஆப்பும் மைய விலகலும்

ஒரு லென்ஸின் இரண்டு பரப்புகளின் ஒளியியல் அச்சும் அதன் விளிம்பு உருளையின் அச்சும் ஒன்றாக இருப்பதில்லை. ஆப்பு எனப்படும் அந்த வேறுபாட்டை விளிம்புத் தடிமன் வேறுபாடாக எழுதினால் பட்டறையில் டயல் கேஜால் நேராக அளக்கலாம்: லென்ஸை வளையத்தில் உட்கார வைத்து, விளிம்பை இரண்டு நிறுத்திகளில் சாய்த்து, மெல்லச் சுற்றி, முள்ளின் மொத்த ஆட்டத்தைப் படிப்பார்கள். 28 மி.மீ. விட்டத்துக்கு ஒரு ஆர்க் நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 8 மைக்ரான். 3 நிமிடம் என்றால் 24 மைக்ரான்; யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 30 ஆர்க் நொடி, அதாவது அரை ஆர்க் நிமிடம், என்றால் 4 மைக்ரான். அங்கே கேஜும், உட்காரும் வளையமும், வளையத்தில் ஒட்டிய தூசியும் கூடக் கணக்கில் வந்துவிடும். ஆட்டோகாலிமேட்டர் (திரும்பி வரும் ஒளியை வைத்துச் சிறு சாய்வை அளக்கும் கருவி) வைத்த மையப்படுத்தும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அதை எழுத வேண்டும். இரண்டு பரப்புகளின் வளைவு மையங்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்கிற பிறைவடிவ லென்ஸுக்கு இன்னும் கவனம் தேவை. மணி வடிவக் கவ்விகளுக்கு நடுவே அது தானாக நழுவி மையத்துக்கு வராது.

இனி உறை. எடுத்துக்காட்டின் தலைவலி இங்கேதான் இருக்கிறது. லென்ஸ் உட்காரும் உறையின் துளை 28 எச்7 (துளைகளுக்கான வழக்கமான பொருத்தத் தரம்), அதாவது 0 முதல் +0.021 மி.மீ. லென்ஸின் விட்டம் 28, −0.010 முதல் −0.025 வரை. மிகத் தளர்வான ஜோடியில் இடைவெளி 0.046, லென்ஸ் அச்சிலிருந்து 0.023 மி.மீ. வரை விலகலாம். லென்ஸ் தன் கோளப் பரப்பில் உட்கார்ந்திருப்பதால் தட்டையாக நகராது. உட்கார்ந்த பரப்பின் வளைவு மையத்தைச் சுற்றி உருளும். அந்த ஆரம் 40 மி.மீ. என்றால் 0.023ஐ 40ஆல் வகுத்து, ஏறத்தாழ 2 ஆர்க் நிமிடச் சாய்வும் கூடவே வரும். மென்பொருளில் மைய விலகலையும் சாய்வையும் தனித்தனித் தற்செயல் எண்களாகப் போட்டால் உறையில் நடக்கவே முடியாத அசைவுகளுக்குப் பயப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். உருளல் என்ற ஒரே அசைவாகப் போடுங்கள்.

சரி, இடைவெளியைக் குறைக்கலாமே? குளிர் விடாது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் சுருங்கும். நடு லென்ஸின் ஃபிளின்ட் கண்ணாடி சுமார் 8. 20 டிகிரி செல்சியஸில் பூட்டி −20க்குக் கொண்டுபோனால் 28 மி.மீ. விட்டத்தில் வேறுபாடு 0.017 மி.மீ. மிக இறுக்கமான ஜோடியில் இருந்த இடைவெளியோ 0.010தான். உறை கண்ணாடியை 7 மைக்ரான் நெரிக்கும். பரப்பு வளையும், விளிம்பு தெறிக்கவும் கூடும். குளிருக்காகத் தளர்த்தினால் மைய விலகல் கூடுகிறது. மைய விலகலுக்காக இறுக்கினால் குளிரில் நெரிகிறது. எண்களை இழுத்துப் பிடித்து இதைத் தீர்க்க முடியாது.

இந்த இடத்தில் டாலரன்ஸை விட்டுவிட்டு அமைப்பை மாற்றுங்கள். ஒரு வழி, உறைக்கு டைட்டானியம். அதன் விரிவு எண் 8.6, கண்ணாடிக்கு நெருக்கம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: துளையை வேண்டுமென்றே தளர்வாக விட்டு, நடு லென்ஸை மட்டும் சுழலும் மேடையில் மையப்படுத்தி, சுற்றிலும் சிலிகோன் ரப்பர் பசை ஊற்றி நிறுத்துவது. விட்டத்தின் டாலரன்ஸ் −0.05 வரை போகலாம். துளை எச்9 ஆனாலும் கவலையில்லை. மூன்று கடினமான எண்கள் மறைந்து, பூட்டும் மேசையில் ஒரு வேலை கூடுகிறது. ஆயிரக்கணக்கில் செய்யும் பொருளுக்கு இந்தக் கணக்கு மாறும். சில பத்து அமைப்புகளுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கீறலும் குழியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒளித்துளைக்கு அருகில் 20 மி.மீ. கற்றையில் அரை மி.மீ. குழி ஒன்று இருந்தால் மறைக்கப்படும் ஒளி 0.06 சதவீதம். யாருக்கும் தெரியாது. படத் தளத்துக்கு அருகில், உணரியின் மூடுகண்ணாடியில், 0.05 மி.மீ. குழி இருந்தால் 3.45 மைக்ரான் பிக்சல்கள் பதினான்கின் அகலம். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரு புள்ளி. ஆகவே துளைப்பக்கம் 60-40, படப்பக்கம் 20-10 அல்லது 10-5. அதிக சக்தி லேசர் போகும் பரப்பு எங்கே இருந்தாலும் கண்டிப்பு வேண்டும். அமெரிக்க ராணுவத் தரமான மில்-பிஆர்எஃப்-13830பி முறையில் குழி எண் மி.மீ.யில் நூறில் பங்கு. 40 என்றால் 0.4 மி.மீ. கீறல் எண் அப்படி அகலத்தைக் குறிப்பதில்லை. மாதிரிக் கீறலோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிடும் பிரகாசம் அது. இரண்டு பரிசோதகர்கள் இரண்டு விடை சொல்வதில் ஆச்சரியமில்லை. பயன்படும் விட்டத்துக்கு வெளியே இந்த விதி பொருந்தாது என்றும் எழுதுங்கள். பயன்படும் விட்டத்தையே குறிப்பிடாத வரைபடத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். விளிம்பில் பாலிஷ் சரிவது இயல்பு. எதுவரை பார்க்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் பட்டறை விளிம்புவரை போராடும்.

அளக்கும் கருவிக்கும் டாலரன்ஸ் உண்டு

1990இல் ஏவிய ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் முதன்மை ஆடி மிக வழவழப்பாகத்தான் பாலிஷ் செய்யப்பட்டிருந்தது. ஆனால் அதை அளந்த நல் கரெக்டரில் (ஆடியின் வடிவத்தைச் சோதிக்கும் துணை ஒளியியல் கருவி) ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. ஆடி அந்தத் தவறான அளவுக்கு மிகச் சரியாகச் செய்யப்பட்டு, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையானது. எளிமையான வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும், துல்லியமான கருவி என்று நம்பியதற்கே முன்னுரிமை கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்த ஒளியியலைப் பொருத்தினார்கள்.

நம் வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்வது: முக்கியமான ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, எதைக் கொண்டு அளப்பது, அந்தக் கருவியின் நிச்சயமின்மை எவ்வளவு என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். டாலரன்ஸில் கால் பங்குக்கு மேல் கருவியே தின்றால் அந்த எண்ணை எழுதிப் பயனில்லை. பட்டியலின் முதல் இரண்டு மூன்று எண்களுக்கு, கொள்கையளவில் வேறுபட்ட இன்னொரு முறையிலும் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். நடு லென்ஸின் ஆப்பை டயல் கேஜிலும், ஊடுருவும் லேசர் புள்ளியின் சுழற்சியிலும் பார்ப்பதுபோல. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் துல்லியம் அதிகம் என்று சொல்லப்படுவதை நம்பிவிடாமல், ஏன் என்று கேளுங்கள்.

வரைபடத்தில் எழுதும்போது

ஒளியியல் வரைபடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10110 முறையில் எழுதினால் மொழி தெரியாத பட்டறையும் படித்துவிடும். 3/ என்பது பரப்பின் வடிவம், 4/ மையப் பிழை, 5/ பரப்புக் குறைகள், 0/ முதல் 2/ வரை கண்ணாடிக்குள் இருப்பவை, 6/ லேசர் தாங்கும் அளவு. 3/2(0.25) என்றால் ஆரப் பிழை 2 பட்டை, ஒழுங்கின்மை 0.25. புதிய பதிப்பில் அலகு நானோமீட்டர். பழக்கத்தில் இன்னும் பலர் பட்டையில்தான் எழுதுகிறார்கள். எனவே அலகை எழுதாமல் விடாதீர்கள். 2 நானோமீட்டர் ஆரப் பிழை என்று ஒருவர் படித்துவிட்டால் விலைப்பட்டியலைப் பார்த்து மயக்கம் வரும். ஒரே பண்பை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள்: ஆரத்துக்கு ± எண்ணும் 3/இல் பட்டையும் கொடுத்தால் எது எதற்கு என்று ஒரு வரி விளக்கம் வேண்டும். விளிம்பின் கூர்மையைச் சரித்து எடுக்கும் சாம்ஃபரை மறக்காதீர்கள், 0.2 முதல் 0.4 மி.மீ. வரை, 45 டிகிரி. அது இல்லாவிட்டால் உறைக்குள் இறக்கும்போதே விளிம்பு உதிரும்.

விலை கேட்டு அனுப்பும்போது வரைபடத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புகிறேன்: இதில் எந்த எண் உங்களுக்கு அதிகச் செலவு வைக்கிறது? பெரும்பாலும் நான் நினைக்காத ஒன்றைத்தான் வட்டமிட்டு அனுப்புவார்கள். அது உணர்திறன் பட்டியலில் கீழே இருந்தால் உடனே தளர்த்திவிடுவேன். மேலே இருந்தால் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

லென்ஸ்கள் வந்ததும் தேர்ச்சிச் சான்றிதழோடு திருப்தி அடையாமல், அளந்த எண்களையே கேளுங்கள்: ஆறு ஆரம், மூன்று தடிமன், விளிம்பு வேறுபாடுகள். அவற்றை வடிவமைப்புக் கோப்பில் போட்டு, இரண்டு காற்றிடைவெளிகளை மட்டும் மாற வைத்து மறுபடி சீர்செய்யுங்கள். வெளிவரும் இரண்டு எண்களுக்கு ஏற்ப ஸ்பேசர்களை, அதாவது லென்ஸ்களுக்கு நடுவே இடைவெளியைப் பிடிக்கும் வளையங்களை, கடைசல் செய்யக் கொடுங்கள். ஸ்பேசரின் நீளத்தை ±0.01க்குப் பிடிப்பது கடைசல் இயந்திரத்துக்குச் சுலபம், இரு முகங்களும் இணையாக இருப்பதை மட்டும் 5 மைக்ரானுக்குள் கேளுங்கள். தடிமன்களுக்கு ±0.1 என்று தளர்த்தி எழுத முடிந்தது இந்த ஸ்பேசர்களை நம்பித்தான். ஆகையால் லென்ஸ் அளவீடுகள் கைக்கு வரும்வரை அவற்றை வெட்டக் கொடுக்காதீர்கள்.